பதினான்கு நிமிடத்துக்கு ஒரு முறை

இது நடந்த விஷயம். யாரோ யாரிடமோ சொல்லி, கண் காது மூக்கு வைத்து நம்மிடம் வந்து சேர்ந்த கதை இல்லை. யாருக்கு நடந்ததோ அவரே என் எதிரில் உட்கார்ந்து, தன் குறிப்பு நோட்டைப் புரட்டிப் புரட்டிச் சொன்னது. இருட்டு, நாய் ஊளை, ஒற்றை மரம் எதுவும் இதில் வராது. எல்லாமே பட்டப்பகலில், கண் கூசும் விளக்குகளுக்குக் கீழே நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் நேரங்களை மட்டும் சந்தேகப்படாதீர்கள்.

ஏனென்றால் இதைச் சொன்ன நர்ஸுக்கு, உடன் வேலை செய்கிறவர்கள் வைத்த பெயரே 'கடிகாரம்'. தும்மினால்கூட எத்தனை மணிக்குத் தும்மினோம் என்று எழுதிவைக்கிற ஆள் என்று கிண்டல் செய்வார்கள். பதினோரு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலேயே வேலை பார்த்த பழக்கம். எந்த மருந்து எப்போது போனது, எப்போது ரத்த அழுத்தம் இறங்கியது என்பதில் ஒரு நிமிடம் தவறினாலும் அவருக்குத் தூக்கம் வராது. இந்த மருத்துவமனைக்கு வந்து மூன்றே மாதம். ஆட்கள் பழகியிருந்தார்கள். கட்டடத்தின் பழைய கதைகள் எதுவும் தெரியாது.

அன்று மதியம் இரண்டு மணி ஷிஃப்ட். ஐந்தாம் படுக்கை அவர் பொறுப்பில் வந்தது.

ஐந்தாம் படுக்கையில் இருந்தவர் ஒரு நீச்சல் ஆசிரியை. முப்பத்தெட்டு வயது. நுரையீரலில் ஆரம்பித்த கிருமித்தொற்று ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தையும் தொட்டுவிட்டது. வாயில் குழாய், பக்கத்தில் வென்டிலேட்டர். தொற்று ஒரு வழியாகக் கட்டுக்குள் வந்துவிட்டது. தூங்கவைக்கும் மருந்தை நிறுத்தி இரண்டரை நாள் ஆகியும் அவர் கண் திறக்கவில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. கிள்ளினாலும் அசைவில்லை.

"ஒரு முன்னேற்றமும் இல்லப்பா," என்றாள் காலை ஷிஃப்ட் நர்ஸ், ஃபைலைக் கையில் கொடுத்தபடி. "ஆறு மணிக்குப் பெரிய டாக்டர் வீட்டுக்காரர்கிட்ட பேசப் போறாரு. மூளை போயிடுச்சு, இனிமே மெஷின்ல வச்சிருக்கறதுல அர்த்தமில்லைன்னு..."

அவள் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

இரண்டு இருபதுக்கு அந்த வீட்டுக்காரர் இரண்டு நிமிடம் உள்ளே வந்தார். அச்சகத்தில் வேலை பார்ப்பவர். எவ்வளவு கழுவியும் போகாத மை விரல் இடுக்கில் இருந்தது. மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தண்ணிக்குள்ள ரெண்டு நிமிஷம் மூச்சுப் பிடிப்பா சிஸ்டர். நான் பயந்து கத்துவேன். சிரிச்சிக்கிட்டே மேல வருவா. இதுவும் அப்படித்தான்... இல்ல?"

"வெளியில இருங்கண்ணா. கூப்பிடறேன்," என்றார் கடிகாரம்.

சரியாக இரண்டு நாற்பத்தேழு.

டக். டக். டக்.

கண்ணாடியை விரல் முட்டியால் தட்டும் சத்தம். ஐந்தாம் படுக்கையின் தலைமாட்டுச் சுவரில் ஒரு பெரிய கண்ணாடி உண்டு. அதை மறைத்து எப்போதும் ஒரு திரை தொங்கும். அந்தப் பக்கம் வராந்தா போலிருக்கிறது, யாரோ உறவுக்காரர் பொறுமையிழந்து தட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார். மருந்து கலந்துகொண்டிருந்ததால் திரும்பவில்லை. ஆனால் மானிட்டர் கண்ணில் பட்டது. எண்பத்துநான்கில் இருந்த இதயத் துடிப்பு நூற்றுப் பதினெட்டு. ஒரு நிமிடம் அப்படியே நின்று, தானாக இறங்கியது.

எழுதிவைத்தார்.

மூன்று ஒன்று. டக். டக். டக்.

துடிப்பு நூற்று இருபது. ஒரு நிமிடம். பிறகு இறங்கியது.

மூன்று பதினைந்து. மறுபடியும்.

அவர் நோட்டைப் பார்த்தார். இரண்டு நாற்பத்தேழு, மூன்று ஒன்று, மூன்று பதினைந்து. பதினான்கு நிமிடம். பதினான்கு நிமிடம். மனிதர்கள் இப்படித் தட்டுவதில்லை.

தரை துடைத்துக்கொண்டு வந்த அக்காவிடம் கேட்டார். "அக்கா, அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரு நிக்கிறாங்க? கொஞ்சம் போய்த் தட்டாதீங்கன்னு சொல்றீங்களா?"

துடைக்கிற அக்கா மாப்பை நிறுத்தினார். "எந்தக் கண்ணாடி?"

"இதுதான்."

"அந்தப் பக்கம் எங்கேர்ந்து சிஸ்டர் ஆளு வரும்? வராந்தாவை அடைச்சுச் சுவர் எழுப்பி வருஷம் அஞ்சாறு ஆச்சே."

கடிகாரம் திரையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணாடி. அதற்குப் பின்னால் நான்கு விரல் அகலத்துக்கு இடைவெளி. அதன் பின்னால் பூசாத செங்கல் சுவர். மேலிருந்து கீழ்வரை. ஓர் எலிகூட நிமிர்ந்து நிற்க முடியாது.

குழாய் ஏதாவது சூடேறித் தட்டுகிறதோ என்று தன்னையே தேற்றிக்கொண்டார். திரையை இறக்க மனம் வரவில்லை. தூக்கியபடியே விட்டார்.

மூன்று இருபத்தெட்டுக்கே படுக்கைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

வென்டிலேட்டர் மூச்சு விட்டது. உஸ்ஸ்ஸ்... ஹூம். உஸ்ஸ்ஸ்... ஹூம்.

மூன்று இருபத்தொன்பது ஆகப் பத்து விநாடி இருக்கும்போது...

டக். டக். டக்.

கண் முன்னால். கண்ணாடி அதிர்ந்தது. தட்டிய கையைக் காணோம்.

கண்ணாடியில், ஒரு பெண்ணின் முக உயரத்தில், ஆவி படிந்தது. யாரோ நெற்றியை ஒட்டிவைத்து மூச்சு விட்டது போல ஒரு வட்டம். அவர் கையால் துடைத்தார்.

போகவில்லை.

அது அந்தப் பக்கத்து ஆவி.

பின்வாங்கியபோது இடுப்பு கட்டிலில் இடித்தது. பார்வை தானாகக் கீழே போனது. நோயாளியின் முகத்துக்கு.

வலது கண் இமையின் ஓரம் துடித்துக்கொண்டிருந்தது.

மிக மெல்லிய துடிப்பு. கொசு உட்கார்ந்தால் இமை படபடக்குமே, அவ்வளவுதான். இமையைத் தூக்கினார். இரண்டு கருவிழிகளும் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு, வெட்டி வெட்டி ஆடின. போர்வையை விலக்கினார். வலது கட்டைவிரல் அதே தாளத்தில் துள்ளியது. ஒரு நிமிடம் ஐந்து விநாடி. எல்லாம் நின்றது. துடிப்பும் இறங்கியது.

அந்தக் கணத்தில் பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை என்றார் அவர். பதினோரு வருட நர்ஸ் மட்டும்தான் அங்கே மிச்சம் இருந்தார். கைகால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்று ஊரே நினைக்கும். ஆனால் இவ்வளவு மோசமாகப் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு வலிப்பு வெளியே தெரியாமல் வரும். உடம்பு கல் மாதிரி கிடக்கும். மூளைக்குள் மட்டும் தீ எரியும். பார்ப்பவர்கள் நினைவு திரும்பவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்த அம்மாவின் மூளை போகவில்லை. எரிந்துகொண்டிருக்கிறது. ஆறு மணிக்கு...

ட்யூட்டி டாக்டரைக் கூப்பிட்டார். இளைஞர். முப்பது மணி நேரமாகத் தூங்காதவர்.

"ஐந்தாம் படுக்கைக்கு வலிப்பு வருது டாக்டர். பதினாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை."

"காய்ச்சல் நடுக்கமா இருக்கும் சிஸ்டர்."

"கண்ணு ஒரு பக்கமா இழுக்குது. நீங்களே வந்து பாருங்க."

அவர் ஆறாம் படுக்கையில் மாட்டிக்கொண்டு, மூன்று நாற்பத்தேழுக்குத்தான் வந்தார். மூன்று நாற்பத்துமூன்றின் துடிப்பு வந்து போயிருந்தது. எட்டு நிமிடம் நின்று பார்த்தார். கண்ணில் டார்ச் அடித்தார். ஒன்றும் இல்லை.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருங்க டாக்டர்."

"எனக்கு இன்னும் அஞ்சு பேஷன்ட் இருக்காங்க சிஸ்டர்." போய்விட்டார். மூன்று ஐம்பத்தைந்து.

கடிகாரம் பல்லைக் கடித்துக்கொண்டார். உள்ளே செல்போன் எடுக்கக் கூடாது. எடுத்தார். நோயாளியின் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

மூன்று ஐம்பத்தேழு. டக். டக். டக். இமை துடித்தது. முழுவதும் பதிவானது.

டாக்டர் அறைக்கு ஓடி, போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். டாக்டர் பார்த்தார். முகம் மாறியது. "ஆமா... இது வலிப்புதான். கண்ணு ரெண்டும்..." என்றவர் சட்டென்று நிறுத்தினார். ஒலியைக் கூட்டினார்.

"சிஸ்டர், பக்கத்துல யாரு?"

"யாரும் இல்லையே. நான் மட்டும்தான்."

"பேசறாங்களே."

திரும்பப் போட்டார். வென்டிலேட்டர் சத்தம். உஸ்ஸ்ஸ்... ஹூம். அதற்கு நடுவே, கண்ணாடிக்கு வெளியே இருந்து கேட்பது போல அமுங்கி... ஒரு பெண் குரல்.

"கண்ணைப் பாருங்க... கண்ணைப் பாருங்க... கண்ணைப் பாருங்க..."

அங்கே நின்றபோது அவர் காதில் அப்படி எதுவும் விழவில்லை.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. "ஈ.ஈ.ஜி.க்குச் சொல்லுங்க," என்றார் டாக்டர். "முதல்ல சர்க்கரை பாருங்க. உப்பு அளவும் அனுப்புங்க."

நான்கு பதினொன்றுக்கு டாக்டரும் படுக்கையருகே நின்றார். டக். டக். டக். அவர் கண்ணாடியைப் பார்த்தார். செங்கல்லைப் பார்த்தார். குனிந்து நோயாளியின் இமையைத் தூக்கினார்.

சர்க்கரை சரியாக இருந்தது. உப்பும் சரி. டாக்டர் மருந்துப் பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தார். ஒரு வரியில் விரல் நின்றது. கிருமிக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக். "சிறுநீரகம் பாதிதான் வேலை செய்யுது. இது வெளியேறாம உடம்பிலேயே சேர்ந்து மூளையைச் சீண்டும். டோஸைக் குறைக்கவே இல்லை..." யாரையும் திட்டாமல் அந்த மருந்தை அடித்துவிட்டு வேறொன்று எழுதினார்.

நான்கரைக்கு ஒயர் அண்ணன் வந்தார். நோயாளிகளின் தலையில் ஒயர்களை ஒட்டி, மூளை அலைகளைத் திரையில் காட்டுகிற ஈ.ஈ.ஜி. டெக்னீஷியன். இருபத்தைந்து வருட அனுபவம். அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாக ஒட்டினார். முடிக்கும்போது நான்கு ஐம்பத்திரண்டு.

திரையில் சோம்பலான அலைகள் ஓடின.

நான்கு ஐம்பத்துமூன்று ஆகப் பத்து விநாடி.

டக். டக். டக்.

ஒயர் அண்ணன் தலையைத் தூக்கினார்.

பத்து... ஒன்பது... எட்டு... கடிகாரம் மனதுக்குள் எண்ணினார்.

சுழியம்.

திரையில் இடது பக்க மூளையின் அலைகள் எல்லாம் சீறி எழுந்தன. கூர் கூராக. ஒன்றின் மேல் ஒன்று ஏறி.

"அம்மாடி!" என்றார் ஒயர் அண்ணன். "உள்ள இவ்வளவு கூத்து நடக்குது. முகத்துல ஒரு சுளிப்புகூட இல்லையே."

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. நான்கு ஐம்பத்தெட்டுக்கு வலிப்பை அடக்கும் ஊசி நரம்பில் போனது. ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று கடிகாரம் கண் கொட்டாமல் பார்த்தார். இறங்கியது, அழுத்தத்தை ஏற்றும் மருந்தைக் கூட்டிச் சமாளித்தார்கள். ஐந்து ஏழுக்குத் தட்டல் வந்தது. அமுங்கலாக. அலையும் சிறியதாக வந்தது. ஐந்து பத்துக்கு இரண்டாவது மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ஐந்து இருபத்தொன்றில் காதைத் தீட்டிக்கொண்டால்தான் தட்டல் கேட்டது. திரையில் ஒரு சிறு சிலிர்ப்பு. ஐந்து முப்பத்தைந்து.

எதுவும் இல்லை.

கண்ணாடியும் அமைதி. ஈ.ஈ.ஜி. திரையும் அமைதி.

ஆறு மணிக்குப் பெரிய டாக்டர் வந்தார். பதிவைப் பார்த்தார். பிறகு வெளியே போய், சொல்லவிருந்ததைச் சொல்லாமல், "உங்க மனைவிக்கு மூளையில வலிப்பு வந்துக்கிட்டே இருந்திருக்கு. கண்டுபிடிச்சு நிறுத்தியிருக்கோம். இப்ப உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது. காத்திருப்போம்," என்றார். அச்சகத்துக்காரர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆறு இருபது.

டக்.

ஒரே ஒரு முறை.

கடிகாரம் திரையைப் பார்த்தார். அலைகள் சீராக ஓடின. பத்து விநாடி கடந்தது. ஒரு நிமிடம் கடந்தது. எதுவும் எழவில்லை. இதயத் துடிப்பு எழுபத்தெட்டு.

கண்ணாடியில் அந்த ஆவி வட்டம் ஓரத்திலிருந்து மெதுவாகச் சுருங்கி மறைந்தது.

நீச்சல் ஆசிரியை மூன்றாம் நாள் கண் திறந்தார். ஐந்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். முதலில் கேட்டது தண்ணீர். "ஆளைப் பாருங்க, இங்கயும் தண்ணிதான்!" என்று வீட்டுக்காரர் அழுதுகொண்டே சிரித்தார். அந்த அம்மாவுக்கு எதுவும் நினைவில்லை. குரலும் இல்லை, தட்டலும் இல்லை. பதினைந்தாம் நாள் வீட்டுக்குப் போனார்.

அன்று மாலை ஒயர் அண்ணனை வெளியில் பெஞ்சில் உட்காரவைத்துக் கடிகாரம் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். குரல் வரும் இடத்தில் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு இந்தக் குரல் தெரியும்மா."

ஆறு வருடத்துக்கு முன்பு அதே ஐந்தாம் படுக்கை. பத்தொன்பது வயதுப் பெண். மூளைக் காய்ச்சல். அம்மாவை உள்ளே விடவில்லை. அவர் வராந்தாவில் நின்று கண்ணாடி வழியே மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மகளின் கண் துடிக்கும்போதெல்லாம் தட்டினார். கண்ணைப் பாருங்க, கண்ணைப் பாருங்க என்றார். ஒரு நாள் முழுக்கத் தட்டினார். தொந்தரவாக இருக்கிறதென்று யாரோ திரையை இழுத்து மூடிவிட்டார்கள்.

"மறுநாள் என்னைக் கூப்பிட்டாங்க. ஒயரை ஒட்டினேன். லேட்டாயிடுச்சு." ஒயர் அண்ணன் தரையைப் பார்த்தபடி சொன்னார். "அடுத்த மாசமே வராந்தாவை அடைச்சிட்டாங்க."

"அந்தம்மா... இறந்துட்டாங்களா?"

"இல்லையே. உயிரோடதான் இருக்காங்க. பக்கத்து ஊர்ல மகன் வீட்டுல."

உயிரோடு இருப்பவர் இங்கே எப்படித் தட்டினார் என்று கடிகாரத்துக்குப் புரியவில்லை. இருந்தாலும் மனதில் வேறொன்றும் பட்டது. அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும். இந்தத் தடவையாவது கண்ணைப் பார்த்தோம் என்று சொல்ல வேண்டும். பழைய பதிவேடுகளில் தேடி, இரண்டு நாள் கழித்து எண் கிடைத்ததும் போன் செய்தார். மகன் எடுத்தார்.

"அம்மா தவறிட்டாங்களே சிஸ்டர். இன்னையோட பதினேழு நாளாச்சு."

கடிகாரம் விரல் விட்டு எண்ணினார். இரண்டாவது முறையும் எண்ணினார். தட்டல் கேட்ட அதே நாள்.

"பக்கவாதம் வந்து இங்க ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம். நாலு நாளா நினைவே இல்ல. அன்னைக்கு மூணு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி, வலது கை மட்டும் தட்ட ஆரம்பிச்சுது. மூணு தட்டு. அப்புறம் சும்மா இருக்கும். மறுபடி மூணு தட்டு. வலிப்புன்னு சொன்னாங்க. தலையில ஒயர் ஒட்டிப் பார்த்தாங்க. கை தட்டுது, ஆனா மூளையில வலிப்பே இல்ல. டாக்டருங்களுக்கே புரியல. ஆறு இருபதுக்கு ஒரே ஒரு தட்டு. அதோட போயிட்டாங்க."

கடிகாரம் குறிப்பு நோட்டைப் புரட்டினார். ஆறு இருபது.

"ஒண்ணு கேக்கணும் சிஸ்டர். நீங்க இந்த வேலையில இருக்கறவங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கை அடிபடக் கூடாதுன்னு கட்டில் கம்பி முழுக்கத் தலையணை வச்சுக் கட்டியிருந்தாங்க. நான் பக்கத்துலயேதான் இருந்தேன். பஞ்சுலதான் தட்டினாங்க..."

மறுமுனையில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"அப்புறம் எப்படி சிஸ்டர் அம்மாவோட விரல் முட்டியெல்லாம் தோல் கிழிஞ்சு, எலும்பு தெரிஞ்சுது?"